கடலைப் பார்த்து டிஷ் வைத்தால் குற்றமா?

ராமேஸ்வரம், தங்கச்சிமடம், மண்டபம் பகுதிகளில் ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது: "வீட்டில் தாமாக டிஷ் ஆண்டெனா வைப்பதற்கு உரிமம் வேண்டும், கடலைப் பார்த்து வைத்தால் கடற்படைத் தகவல் தொடர்பைக் குலைக்கும்." இரண்டுமே பொய்.

தொலைக்காட்சி டிஷ், வரும் அலையை வாங்கும் கருவி மட்டுமே. எதையும் அது அனுப்புவதில்லை. எனவே எவருடைய தொடர்பையும் குலைக்க வழியில்லை. வீட்டு டிஷ்ஷுக்கு உரிமமும் தேவையில்லை. அனுமதி இல்லாமல் வைத்திருக்கக் கூடாதது செயற்கைக்கோள் தொலைபேசி. இரண்டையும் போட்டுக் குழப்பி மக்களைப் பயமுறுத்துவது பொறுப்பற்ற செயல்.

அப்படியானால் டிஷ் ஏன் இலங்கைப் பக்கம் திரும்பி நிற்கிறது? மாதக் கட்டணம் இல்லாத டிடி ஃப்ரீ டிஷ் சேவையைத் தரும் ஜிசாட்-15 செயற்கைக்கோள், நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், 93.5 டிகிரி கிழக்கில் நிற்கிறது. ராமேஸ்வரத்திலிருந்து பார்த்தால் அது தென்கிழக்கு வானில், அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 70 டிகிரி உயரத்தில் இருக்கிறது. அதாவது தலைக்கு மேலே என்றே சொல்லலாம். ஆனால் வீட்டு டிஷ்களில் எல்என்பி (தட்டில் பட்டுத் திரும்பும் அலையை வாங்கும் சிறு கருவி) நடுவில் இல்லாமல் கீழ்ப்பக்கம் தள்ளி இருப்பதால், தட்டு அவ்வளவு அண்ணாந்து தெரியாது. கடலை நோக்குவது போன்ற தோற்றம் அதனால்தான்.

உப்புக்காற்று சிக்னலைத் தின்னாது; தாங்கியையும் திருகுகளையும்தான் தின்னும். துத்தநாகம் பூசிய திருகுகளை வாங்குங்கள். கனமழையில் படம் சற்று நேரம் மறைவது இயல்பு, மழை விட்டதும் திரும்பிவிடும். மின்கம்பிக்கு அருகிலும், காற்று பலமாக வீசும்போதும் மாடியேறி வேலை செய்யாதீர்கள்.