கொடைக்கானலையும் சேர்த்திருக்கலாம்

பிள்ளைகள் பொருள்களைத் தொட்டுப் பார்த்துத் தாங்களே கற்கும் மாண்டிசோரி கல்வி 1907இல் ரோம் நகரின் சான் லோரென்சோவில், ஏழைத் தொழிலாளர் பிள்ளைகளுக்காகத் தொடங்கியதை, அதைப் பற்றி நீங்கள் எழுதிவரும் கட்டுரை நன்றாகச் சொல்கிறது. ஆனால் நம் ஊர்க் கதை விட்டுப்போய்விட்டதே! 1939இல் பிரம்மஞான சபையின் (தியோசாபிகல் சொசைட்டி) அழைப்பில், இந்தக் கல்வியை உருவாக்கிய மரியா மாண்டிசோரி மகன் மரியோவுடன் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அடுத்த ஆண்டு இத்தாலி போரில் இறங்கியதும் ஆங்கிலேய அரசு மரியோவைக் காவலில் வைத்தது. அம்மையாரின் 70ஆவது பிறந்தநாளையொட்டித்தான் விடுவித்தார்கள். 1946 வரை ஐரோப்பா திரும்ப முடியவில்லை. அந்த இடைக்காலத்தில் கொடைக்கானலில் தங்கியிருந்தபோது, கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கான கல்வியைப் பற்றிய அவருடைய சிந்தனை செழித்தது. இலை, பூச்சி, நட்சத்திரம் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று இணைத்துப் பார்க்கும் முறை அது.

என் மகள், மாண்டிசோரி முறைப்படி சொரசொரப்புத் தாளில் வெட்டி ஒட்டிய 'அ'வை ஒரு வாரம் விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். ஒருநாள் அரிசி மாவு சிந்திய தரையில் அதையே எழுதினாள். யாரும் எழுதச் சொல்லவில்லை. பள்ளியின் பெயர்ப் பலகையில் மாண்டிசோரி பெயரைப் போட்டுவிட்டு மூன்று வயதுப் பிள்ளைக்கு வீட்டுப்பாடம் கொடுப்பவர்களைப் பார்த்தால் மனசு வலிக்கிறது. அடுத்த பகுதியில் அடையாற்றைப் பற்றியும் எழுதுங்கள்.