மறைத்தால் டாக்டருக்கு 10 ஆண்டா?

'சிகிச்சைத் தவறை மறைக்கும் டாக்டருக்கு பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் சட்டம்) 106-வது பிரிவின்படி 10 ஆண்டு ஜெயில்' என்று சேலம், ஏற்காடு வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுவது தவறு. அந்த 10 ஆண்டு 106(2)-ல் இருக்கிறது. ஆள் சாகும்படி மோதிவிட்டு, போலீஸிடமோ மாஜிஸ்திரேட்டிடமோ சொல்லாமல் ஓடும் டிரைவருக்கானது. லாரிக்காரர்கள் எதிர்த்து ஸ்டிரைக் செய்தார்களே, அதேதான். 2024 ஜூலை 1-ல் சட்டம் வந்தபோதும் அந்த உட்பிரிவை மட்டும் நிறுத்திவைத்தார்கள். டாக்டரின் அலட்சியத்தால் உயிர் போனால் 106(1): 2 ஆண்டு வரை சிறை, அபராதம். அரசின் சட்டத் தொகுப்பான இந்தியா கோட் தளத்தில் படித்துப் பாருங்கள்.

சிகிச்சையில் தவறு என்று சந்தேகம் வந்தால், உண்மையில் கைகொடுப்பது கேஸ் ஷீட், அதாவது மருத்துவமனையின் சிகிச்சைப் பதிவு. எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் நகல் தர வேண்டும் என்கிறது 2002 மருத்துவ கவுன்சில் விதி. மனுவின் நகலில் தேதியோடு சீல் வாங்குங்கள். வாயால் கேட்டால் கேட்டதற்கே சாட்சி இருக்காது. கட்டணம் வாங்கிய மருத்துவமனை என்றால், 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இழப்பீடு கேட்கலாம்.

அந்த மெசேஜை இனி ஃபார்வேர்டு செய்யாதீர்கள்.