டென்சிங் தயங்கினாரா?

அண்ணாச்சி, நீங்கள் மேலே போட்டிருக்கும் கதை இதுதானே: எவரெஸ்ட் உச்சியில் வழிகாட்டி டென்சிங்தான் முதலில் கால் வைத்திருக்க வேண்டும், ஒரு நொடி தயங்கினார், பின்னால் வந்த ஹிலாரி முந்திவிட்டார். எங்கள் ஊர்ப் பள்ளி ஆண்டு விழாவிலும் இதைக் கேட்டுக் கைதட்டியிருக்கிறேன். ஆனால் நடந்தது அப்படி இல்லை.

1953 மே 29 அன்று கடைசி ஏற்றத்தில் முன்னால் போனவர் ஹிலாரிதான். பனிக்கோடரியால் படி வெட்டிக்கொண்டே போனார். டென்சிங் அவருக்குப் பின்னால். இருவரையும் இணைத்த 30 அடிக் கயிற்றைச் சுருட்டி டென்சிங் கையில் பிடித்திருந்ததால், நடுவில் 6 அடி போல்தான் இடைவெளி. அந்தக் குறுகிய பனி முகட்டில் முந்துவதற்கு இடம் ஏது? அதோடு டென்சிங் வெறும் வழிகாட்டியும் இல்லை. 1952லேயே சுவிஸ் மலையேறி லாம்பெர்ட்டோடு எவரெஸ்டில் ஏறத்தாழ 28,200 அடி வரை போய்வந்தவர். அவரா தயங்குவார்!

சரி, எப்படிச் சரிபார்ப்பது? எழுத்தாளர் ஜேம்ஸ் ராம்சே உல்மனிடம் டென்சிங் சொல்லி 1955இல் வெளிவந்த சுயசரிதையை நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். முழுதும் படிக்க வேண்டாம், உச்சியைத் தொடும் அத்தியாயம் போதும். ஹிலாரி முதலில் ஏறினார், நான் அடுத்து ஏறினேன் என்று அவரே சொல்கிறார். நீங்கள்தான் முதல் என்று சொல்லச்சொல்லி ஊரே நெருக்கிய நேரத்தில் சொன்னது அது. பிள்ளைகளுக்குச் சொல்ல எனக்கு அந்தப் பக்கம்தான் பிடிக்கும்.