நிலா விளக்கை விடியும்வரை எரியவிட வேண்டாம்

மீன் தொட்டிக்கு இரவில் நிலா வெளிச்சம் போல மங்கலாக எரியும் ‘நிலா விளக்காக’ நீல எல்இடி பொருத்துவது பற்றி உங்கள் பதிவில் நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் ‘இரவு முழுக்க எரியவிடலாம்’ என்ற வரியை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. பெரும்பாலான மீன்களுக்கு இமை கிடையாது. கண்ணை மூடிக்கொள்ள வழியில்லாத உயிருக்கு இருட்டில்தான் ஓய்வு. பௌர்ணமி வெளிச்சமே பொதுவாக 0.3 லக்ஸைத் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) தாண்டாது. கடையில் ‘மூன்லைட்’ என்று விற்கும் பட்டைகள் பலவும் அதைவிடப் பல மடங்கு பிரகாசம்.

என் இரண்டடித் தொட்டியில் முதலில் முழு நீளத்துக்கும் நீலப் பட்டை போட்டேன். ஏஞ்சல் மீன்கள் நள்ளிரவிலும் கண்ணாடியோரம் மேலும் கீழுமாக அலைந்தன, பாவம். அப்புறம் அதைக் கழற்றிவிட்டு, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரோடு இரண்டே இரண்டு சின்ன எல்இடிகளை ஒரு மூலையில் வைத்தேன். அறையை இருட்டாக்கிப் பாருங்கள்: மீனின் உருவம் மங்கலாகத் தெரிந்தால் சரி, நிறம் பளிச்சென்று தெரிந்தால் இன்னும் குறைக்க வேண்டும்.

டைமரில் நிலா விளக்கு இரவு 8.45க்கு எரியும், மெயின் விளக்கு 9க்கு அணையும், 10.30க்கு முழு இருட்டு. திடீரென இருட்டாகாததால் மீன்கள் மிரண்டு துள்ளுவதில்லை. கோரிடோராஸ் என்ற சின்னக் கெளுத்தி மீன்கள் அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் வெளியே வந்து மீசையால் மணலைக் கிளறும். தூசி நீல ஒளியில் புகைபோல எழும். அவ்வளவு அழகு!

இன்னொன்று, வயரை பிளக்குக்குக் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றுங்கள். வழியும் தண்ணீர் பிளக்குக்குள் போகாமல் கீழே சொட்டிவிடும்.