பூட்டிவிட்டுப் போனது எங்கள் தப்பா?

“ஏம்மா, இவ்ளோ நகைய வீட்ல வெச்சிட்டு யாராவது ஊருக்குப் போவாங்களா?”

கடப்பாரையால் நெம்பிய பின்கதவு சாய்ந்து கிடக்கிறது, பீரோவிலிருந்த துணியெல்லாம் தரையில் கிடக்கிறது, ஹால் முழுக்க மிளகாய்ப் பொடியைத் தூவி வைத்திருக்கிறார்கள், என் அம்மா சுவரில் சாய்ந்து பேச்சே வராமல் உட்கார்ந்திருக்கிறார். அந்த நேரத்தில் விசாரிக்க வந்த அதிகாரி எங்களிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். ஐந்து மாதம் ஆகிறது, இன்னும் அந்தக் கேள்வி என் காதை விட்டுப் போகவில்லை. நகையை வீட்டில் வைக்காமல் வேறு எங்கே சார் வைப்பது? அதை யாராவது எனக்குச் சொல்லுங்கள்.

2025 மே மாதம், பிள்ளைகளுக்கு லீவு, கொடைக்கானலுக்கு நான்கு நாள் போய்விட்டு வரலாம் என்று கிளம்பினோம். மூன்று வருடம் கழித்து ஒரு டூர். திருட்டுப் போனது 14 பவுன். என் கல்யாண ஆரம் ஐந்து, அம்மாவின் இரட்டை வடச் சங்கிலி நான்கு, வளையல்கள் நான்கு, மகள் காதுகுத்துக்கு என் அண்ணன் போட்ட தோடும் ஜிமிக்கியும் சேர்த்து ஒன்று. எங்கள் வீட்டில் சேமிப்பு என்றாலே அதுதான். அப்பா அந்த இரட்டை வடச் சங்கிலியை நகைச்சீட்டுப் போட்டுப் போட்டு வாங்கியது. அவர் போய் ஒன்பது வருடம் ஆகிறது.

லாக்கர் இல்லையா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஐயா, மூன்று வங்கிக் கிளை ஏறி இறங்கினேன். ஒரு இடத்தில் “லாக்கர் காலி இல்லை” என்று வாயாலேயே சொல்லி அனுப்பிவிட்டார்கள். இன்னொரு இடத்தில் ஐந்து லட்சம் டெபாசிட் போட்டால் பார்க்கலாம் என்றார்கள். மூன்றாவது இடத்தில் இன்சூரன்ஸ் பாலிசி எடுத்தால் மேனேஜரிடம் பேசுகிறோம் என்றார்கள். ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் போட்ட விதி என்ன சொல்கிறது தெரியுமா? விண்ணப்பம் கொடுத்தால் அதற்கு ஒப்புகை தர வேண்டும், லாக்கர் காலி இல்லையென்றால் காத்திருப்பு எண் தர வேண்டும். மூன்று வருட வாடகையும் லாக்கரை உடைத்துத் திறக்க ஆகும் செலவும் சேர்ந்த அளவுக்குத்தான் டெபாசிட் கேட்கலாம். ஐந்து லட்சம் எங்கிருந்து வந்தது? அப்படியே லாக்கர் கிடைத்து, அங்கே திருட்டுப் போனாலும் வங்கி தரப்போவது வருட வாடகையைப் போல 100 மடங்கு வரைக்கும்தான். வாடகை 2,000 ரூபாய் என்றால் 2 லட்சம். பவுன் 70 ஆயிரத்தைத் தாண்டியிருந்த அந்த மே மாதத்திலேயே அது மூன்று பவுனுக்குக்கூடக் காணாது.

எங்கள் தெருவில் பாதிப் பேர் என்ன செய்கிறார்கள் என்றால், ஊருக்குப் போவதற்கு முன்னால் நகையை வங்கியில் அடகு வைத்து ஒரு சின்னத் தொகை கடன் வாங்கிவிடுகிறார்கள். திரும்பி வந்ததும் வட்டி கட்டி மீட்டுக்கொள்கிறார்கள். பணம் தேவையே இல்லாதவர்கள், நகை பத்திரமாக இருக்க வேண்டும் என்பதற்காகக் கடன்காரர்களாக ஆகிறார்கள். நானும் அதைத்தான் செய்யப் போனேன். அந்த வாரம் நகையை மதிப்பிடும் அப்ரைசர் லீவு, அடுத்த திங்கள் வாங்க என்றார்கள். நாங்கள் கிளம்புவதோ வியாழன்.

சரி, கையோடு கொண்டுபோயிருக்கலாமே என்கிறார் என் நாத்தனார். எங்கே கொண்டுபோவது? லாட்ஜ் ரிசப்ஷனில் முதலில் கண்ணில் படுவதே ‘விலை உயர்ந்த பொருட்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல’ என்ற போர்டு. ரயிலில் போனாலும் அதே கதை. புக் செய்து ரசீது வாங்காத லக்கேஜ் காணாமல் போனால், ரயில்வேயின் கவனக்குறைவு என்று நாம் நிரூபித்தால்தான் அவர்கள் பொறுப்பு என்று 1989-ஆம் வருட ரயில்வே சட்டத்தின் 100-வது பிரிவு சொல்கிறது. இடுப்பு பெல்ட்டில் கட்டி வைத்திருந்த ஒரு லட்சம் ரூபாயை ஓடும் ரயிலில் பறிகொடுத்தவருக்குப் பணம் தரச் சொல்லி நுகர்வோர் ஆணையங்கள் உத்தரவு போட்டன. 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பயணி தன் பொருளைத் தானே பார்த்துக்கொள்ள முடியவில்லை என்றால் அதற்கு ரயில்வே பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டது. அப்புறம் யார்தான் பொறுப்பு?

நாங்கள் ஒன்றும் கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போகவில்லை. வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூர் போகிறவர்கள் தகவல் சொல்லுங்கள், ரோந்து வருகிறோம் என்று காவல்துறையே ஒவ்வொரு விடுமுறைக்கும் சொல்கிறது. என் வீட்டுக்காரர் கடிதம் எழுதிக்கொண்டு போனார். அங்கிருந்தவர் வாங்கி ஒரு ஃபைலுக்கு அடியில் செருகினார், ரசீது கேட்டதற்கு “இதுக்கெல்லாம் தர மாட்டோம், போயிட்டு வாங்க” என்றாராம். திருட்டுக்குப் பிறகு போய்க் கேட்டால் அப்படி ஒரு கடிதமே வரவில்லை என்கிறார்கள். கொடைக்கானல் போவதற்கு இ-பாஸ் எடுத்தோம், வண்டி எண், எத்தனை பேர், எந்தத் தேதியில் வருகிறோம் என்று எல்லாம் பதிந்தோம். அதற்குக்கூட ஒரு கியூஆர் கோடு கையில் இருந்தது. வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொன்னதற்கு ஒரு துண்டுச் சீட்டு இல்லை.

அடுத்து நடந்ததுதான் எனக்கு ஆறவே இல்லை.

வாசலில் நாலு நாள் கோலம் இல்லையென்றால் வீட்டில் ஆள் இல்லை என்று தெருவுக்கே தெரிந்துவிடும். அதனால் வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம், தினமும் காலையில் தண்ணீர் தெளித்துக் கோலம் மட்டும் போட்டுவிடுங்கள் அக்கா என்று சொல்லிவிட்டுப் போனேன். ஏழு வருடமாக எங்கள் வீட்டில் ஒரு ஆள் மாதிரி இருந்தவர். நாங்கள் இல்லாத அந்த நாட்களிலும் சரியாக ஆறு மணிக்கு வந்து போட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலை பக்கவாட்டு கேட் திறந்து கிடந்ததைப் பார்த்து, எட்டிக்கூடப் பார்க்காமல், முதலில் எனக்குப் போன் செய்தவரும் அவர்தான். அழுதுகொண்டே சொன்னார். அவர் சொல்லாவிட்டால் எங்களுக்குத் திங்கட்கிழமைதான் தெரிந்திருக்கும்.

அவரைத்தான் போலீஸ் முதலில் ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். காலை பத்து மணிக்குப் போனவரை ராத்திரி எட்டு மணி வரைக்கும் ஒரு பெஞ்சில் உட்கார வைத்து, உன் புருஷன் எங்கே, உன் பையன் என்ன செய்கிறான், பையன் புது பைக் வாங்கியிருக்கிறானாமே, காசு ஏது என்று. அவர் பையன் டெலிவரி வேலைக்காகத் தவணையில் வாங்கிய வண்டி அது. அவர்மேல் எங்களுக்குச் சந்தேகமே இல்லை என்று நான் நாலு முறை சொன்னேன். “உங்களுக்குத் தெரியாதும்மா, இவங்கதான் ஆளு வெச்சு செய்வாங்க” என்று என்னிடமே சொன்னார்கள். பக்கத்து வீட்டுக் கேமராவில் அதிகாலை இரண்டரை மணிக்கு முகத்தை மறைத்துக்கொண்டு மூன்று பேர் போவது பதிவாகியிருக்கிறது, எங்கள் வீட்டுக் கேமராவின் பெட்டியைக் கையோடு தூக்கிக்கொண்டு போகிறார்கள், அதைப் பார்த்த பிறகும் அந்த அக்காவை இன்னொரு நாள் வரச் சொன்னார்கள். தெருவே பார்த்தது. மற்ற இரண்டு வீட்டில் அவரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நான் அவர் வீட்டுக்குப் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். “நீங்க நல்லவங்கதாம்மா, ஆனா நான் இனி அந்தத் தெருப் பக்கம் வரல” என்றார். 14 பவுன் போனதைவிட இது எனக்குப் பெரிய வலி. அவருக்கு யார் பதில் சொல்வது?

புகார் எழுதும்போது பில் கேட்டார்கள். அம்மா சங்கிலி வாங்கியது 1994-இல், அந்தக் கடையே இப்போது கிடையாது. பில் இல்லாததை விட்டுவிட்டு ஒன்பது பவுன் என்று போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். மாட்டேன் என்று நின்றேன். கல்யாண ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு போய், இதோ என் கழுத்தில், இதோ அம்மா கழுத்தில் என்று பக்கம் பக்கமாகக் காட்டிய பிறகுதான் 14 என்று எழுதினார்கள். முதலில் கொடுத்தது, புகார் வந்தது என்று மட்டும் சொல்லும் சிஎஸ்ஆர் ரசீதுதான். எஃப்ஐஆர் போட மூன்று நாள் ஆனது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்-இன் 173-வது பிரிவின்படி எஃப்ஐஆர் நகல் இலவசமாகத் தர வேண்டும் என்று ஒரு வக்கீல் சொல்லித்தான் எனக்கே தெரியும், அதைக் கேட்டு வாங்கவும் இரண்டு முறை நடந்தேன். உங்கள் வீட்டில் நகை இருந்தால் இன்றைக்கே ஒவ்வொன்றையும் எடைபோட்டு, எடை தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து வையுங்கள். புது நகையென்றால் ஹால்மார்க்குக்குப் பக்கத்தில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்யூஐடி, அதாவது அந்த நகைக்கே உரிய அடையாளக் குறியீடு இருக்கும், அதையும் குறித்து வையுங்கள். தகவல் கடிதம் கொடுத்தால் இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போய் ஒன்றில் முத்திரை வாங்காமல் இடத்தை விட்டு நகராதீர்கள்.

சொந்தக்காரர்களைப் பற்றி என்ன சொல்ல. ஸ்டேட்டஸில் ஏரிக்கரை போட்டோ போட்டதால்தான் என்கிறார் ஒருவர். பாலை நிறுத்தியது தப்பு என்கிறார் இன்னொருவர். பொம்பளைக்கு இந்த வயதில் டூர் எதற்கு என்று என் அம்மாவின் காதுபடவே ஒருவர் சொன்னார். பூட்டை உடைத்தவனை ஒருத்தர் திட்டவில்லை.

போன வாரம் காலாண்டு லீவுக்குக் குலதெய்வம் கோயிலுக்குக் கிளம்பினோம், இரண்டே நாள். அம்மா வரவில்லை என்றுவிட்டார். வீட்டில் இப்போது எடுத்துக்கொண்டு போக ஒன்றுமே இல்லை அம்மா, வாங்க என்று எவ்வளவோ கெஞ்சினேன். “நீங்க போயிட்டு வாங்க, நான் வீட்டைப் பார்த்துக்கறேன்.” ராத்திரி பதினொன்றரைக்குப் போன் செய்தால் முதல் ரிங்கிலேயே எடுக்கிறார். எல்லா லைட்டையும் போட்டுவிட்டு ஹாலில் உட்கார்ந்திருக்கிறாராம்.