மாமனாரின் பம்பும் சுமத்ராவின் பாறையும்

2004 சுனாமியில் போனவர்களுக்காக ஒவ்வொரு டிசம்பர் 26ஆம் தேதியும் கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் பாலை ஊற்றிப் பூத்தூவி அழுதுவிட்டு வருகிறோம். கூட்டத்தில் யாராவது ஒருவர் இரண்டு உள்ளங்கைகளையும் இடித்துக் காட்டி, "ரெண்டு தட்டு மோதிக்கிச்சு, கடல் பொங்கிடுச்சு" என்பார். தட்டு என்றால் பூமியின் மேலோட்டில் மெல்ல நகரும் பெரும் பாறைப் பலகை. நானும் அப்படித்தான் படித்தேன். காய்ந்த பலகைகள் இரண்டு இடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். அந்தக் கதையில் தண்ணீருக்கு அடிவாங்கிப் பொங்குகிற வேலை மட்டும்தான். எனக்கு அதில்தான் சண்டை.

பாறை நகர்வதில் தண்ணீருக்கும் பங்குண்டு என்பது கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு எளிதாகப் புரிய வேண்டும். என் மாமனார் நெய்வேலிச் சுரங்கத்தில் பம்பு ஓட்டியவர். அங்கே பழுப்பு நிலக்கரிக்கு அடியில் மணல் அடுக்கு, அதற்குள் அழுத்தத்தோடு அடைபட்ட தண்ணீர். "பம்பு நின்னா கீழேருந்து முட்டித் தரையே உப்பிக்கும் மாப்பிள்ளை" என்பார். ராத்திரி பகலாக இறைத்தால்தான் கரி வெட்ட முடியும். அதாவது மேலே கிடக்கும் பாரத்தில் ஒரு பங்கைத் தண்ணீர் தாங்கி நிற்கிறது. மலையளவு பாறைகள் நொறுங்காமல் வழுக்கி நகர்ந்ததற்கு இதே காரணத்தைத்தான் அமெரிக்கப் புவியியலாளர்கள் ஹப்பர்ட்டும் ரூபியும் 1959இல் சொன்னார்கள். பிளவில் அடைபட்ட நீரின் அழுத்தம் ஏறினால் உராய்வு குறையும்.

சரி, அவ்வளவு ஆழத்துக்குத் தண்ணீர் எப்படிப் போகிறது? ஒரு தட்டு இன்னொன்றின் அடியில் புகும்போது தாதுக்களுக்குள் கட்டுண்ட நீரையும் கொண்டுபோகிறது. வெயிலில் நன்றாகக் காய்ந்த பச்சைச் செங்கல்லும் சூளையில் ஆவி விடுமே, அது மாதிரி. சுமார் 100 கிலோமீட்டர் ஆழத்தில் அந்த நீர் பிரிந்து மேலேயுள்ள சூடான பாறையில் கலக்க, அதன் உருகுநிலை இறங்குகிறது. சூடு ஏறாமலே பாறை உருகுகிறது! அந்தமானின் பாரன் தீவு எரிமலைக்குப் பாறைக் குழம்பு வருவது இப்படித்தான். (வெள்ளிக் கோளில் கடலும் இல்லை, இப்படி நகரும் தட்டுகளும் இல்லை. இரண்டுக்கும் தொடர்புண்டு என்பவர்கள் கட்சிதான் நானும்.)

ஆனால் தண்ணீர் என்றாலே வழுக்கல்தான் என்று முடிவு கட்டினால் 2004 நம்மைக் கவிழ்த்துவிடும். பொதுவாக, தட்டு அடியில் புகத் தொடங்கும் கடலடிப் பள்ளத்தை ஒட்டிய மேல்பகுதியில் ஈர வண்டல் இருக்கும். மெத்தென்று இருப்பதால், நிலநடுக்கத்தில் ஆழத்திலிருந்து பரவும் உடைப்பு அங்கே வந்ததும் ஓய்ந்துவிடும் என்றே நம்பினார்கள். சுமத்ரா பக்கம் இமயமலையிலிருந்து ஆறுகள் அடித்துவந்த வண்டல் கிலோமீட்டர் கணக்கில் குவிந்து கிடக்கிறது. 2016இல் ஜாய்டெஸ் ரெசலூஷன் என்ற கடலடித் துளை ஆய்வுக் கப்பல் அதைத் துளைத்து எடுத்தது. தட்டு அடியில் புகும் முன்பே, புதைந்த சூட்டில் தாதுக்கள் நீரை இழந்து வண்டல் இறுகியிருக்கிறது என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். அதனால்தான் உடைப்பு மேலே வரைக்கும் வந்து கடல்தளத்தைத் தூக்கியது என்பது அவர்கள் கணிப்பு. காலை 6.29க்கு அங்கே உடைந்தது, இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆனதும் நம் கரைக்கு வந்துவிட்டது.

இதை மாமனாரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்போ அங்க யாரோ முன்னாடியே பம்பு போட்டு இறைச்சிட்டாங்கன்னு சொல்லுங்க" என்றார்.

"ஆமாம் மாமா. சூடுதான் இறைச்சிருக்கு."