மான்டிக்கு வாய்த்த வக்கீல்

இரண்டாம் உலகப்போர் தளபதிகளின் வாழ்க்கை வரலாறுகளைப் படிக்கிறவர்கள் நாலு பேர் சேர்ந்தால் ஒரு சண்டை நிச்சயம் வரும். 1942இல் எகிப்தில் ஜெர்மானியத் தளபதி ரோமலை நிறுத்தியது பிரிட்டிஷ் தளபதிகளில் யார், ஆக்கின்லெக்கா, ‘மான்டி’ என்று செல்லமாக அழைக்கப்பட்ட மான்ட்கோமரியா? என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிறுத்தியவர் ஆக்கின்லெக், விரட்டியவர் மான்ட்கோமரி. ஆனாலும் நான் விரும்பிப் படிப்பது மான்ட்கோமரியின் வக்கீலைத்தான். அவர் எழுத்தாளர் நைஜல் ஹாமில்டன்.

1981, 1983, 1986 என்று மூன்று தடித்த தொகுதிகளாக வந்தது அவர் எழுதிய மான்ட்கோமரி வரலாறு. அப்பா டெனிஸ் ஹாமில்டன் போரில் மான்ட்கோமரியின் படையில் இருந்தவர், பிறகு சண்டே டைம்ஸ் ஆசிரியர். மகனோ மான்ட்கோமரியின் வீட்டுக்கே போய்வருகிற அளவுக்கு நெருக்கம். இப்படிப்பட்டவர் நடுநிலையாக எழுதுவார் என்று எதிர்பார்ப்பது வீண்.

ஆனால் அந்த நெருக்கம் இல்லாமல் முதல் தொகுதி இல்லை. மான்ட்கோமரிக்கு அன்பே காட்டாத தாய், நாற்பதை நெருங்கும்போது நடந்த கல்யாணம், பத்தே வருடத்தில் முடிந்துபோன இல்லறம். 1937இல் பெட்டி என்ற அந்த மனைவியை ஒரு பூச்சி கடித்தது. ரத்தத்தில் விஷம் ஏறி, காலை எடுத்தும் காப்பாற்ற முடியவில்லை. அதற்கப்புறம் அந்த மனிதருக்கு ராணுவத்தை விட்டால் வேறு எதுவும் இல்லை. அந்தத் திமிரும் அடம்பிடித்தலும் எங்கிருந்து வந்தன என்று நமக்குப் புரிவது இங்கேதான். போர் வரைபடம் மட்டும் போடுகிறவர்களால் இதை எழுத முடியாது.

சிக்கல் எகிப்தில் தொடங்குகிறது. 1942 ஆகஸ்ட் 13 அன்று ஆக்கின்லெக்குக்கு அடுத்துப் படைத்தலைமை ஏற்க மான்ட்கோமரி வந்து, இனிப் பின்வாங்கல் கிடையாது, உயிரோடு நிற்க முடியாவிட்டால் இங்கேயே செத்துக் கிடப்போம் என்று பேசினார். பிரமாதமான பேச்சுதான், மறுக்கவில்லை. ஆனால் ஹாமில்டன் அதை அவ்வளவு உயர்த்திப் பிடிக்கும்போது ஜூலை மாதம் நிழலுக்குள் போய்விடுகிறது. எகிப்தின் அலமைனில் ரோமல் முட்டி மோதி நின்றது ஜூலையில், ஆக்கின்லெக்கின் கீழ். மான்ட்கோமரியே 1958இல் தன் நினைவுக் குறிப்புகளில் ஆக்கின்லெக் நைல் பக்கம் பின்வாங்கத் திட்டமிட்டதாக எழுதி, பெரும் சர்ச்சையாகி, அடுத்த பதிப்பில் பதிப்பாளர் ஒரு விளக்கக் குறிப்பு சேர்க்க வேண்டியதாயிற்று. 1960இல் வரலாற்றாசிரியர் கொரெல்லி பார்னெட் தன் புத்தகத்தில் ஆக்கின்லெக்குக்காக வாதாடப் புறப்பட்டார். அவரும் வக்கீல்தான், கட்சிக்காரர்தான் வேறு.

எனக்குக் கோபம் வருவது வேறொன்றில். ஜூலை 1 அன்று அலமைன் பக்கத்து டெய்ர் எல் ஷெய்னில் ரோமலின் வழியில் நின்றது இராக்கிலிருந்து அவசரமாக வந்துசேர்ந்த 18வது இந்தியப் படைப்பிரிவு. சீக்கியர், கூர்க்காக்கள், ஓர் ஆங்கிலேயப் பட்டாளம், கையில் ஒன்பது பழைய மட்டில்டா டாங்குகள். மாலைக்குள் பிரிவே அழிந்துபோனது. ஆனால் ரோமலிடம் மிச்சமிருந்த 55 டாங்குகளில் 18ஐயும், அதைவிட முக்கியமாக ஒரு முழு நாளையும் அது தின்றுவிட்டது. தளபதிகளின் மானத்துக்காக இத்தனை பக்கம் வாதாடியவர்கள் இந்த ஒரு நாளுக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாம்.

சரி, எதைப் படிப்பது? ஹாமில்டனின் முதல் தொகுதி கட்டாயம். கூடவே பார்னெட்டையும் வைத்துக்கொள்ளுங்கள். மான்ட்கோமரியின் அடக்கி வைத்த ஆசைகளைப் பற்றி 2001இல் ஹாமில்டன் எழுதிய புத்தகத்தை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். மான்ட்கோமரியின் கடிதங்களில் இருக்கும் பாசத்தை இழுத்த இழுப்புக்கு அது தாங்கவில்லை.